கோலத்தில் இல்லாத வாசல்

ஒத்தப்பனைப்பட்டி உலகத்தில்தான் இருக்கிறது என்பதை 1995ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஜீப் வந்து சொன்னது. அதுவரை அந்த ஊர் திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடுவில் இருந்தது.

அறுபது வீடுகள், ஒரு காளி கோயில், குகைபோல் கட்டிய ஒரு மாதா கெபி, ஓடு சரிந்த பள்ளிக்கூடம், ஓர் ஊருணி. எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர் என்பதால் மழைத்தண்ணீரை ஊருணியில் தேக்கித்தான் குடிக்க வேண்டும். அந்த ஊருணி வண்டல் மேடிட்டு ஒரு தாம்பாளம்போல ஆகியிருந்தது. மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டிருந்தது.

சீமைக்கருவேல் எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த மரம். ஊர் ஆண்கள் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினார்கள். கரி லோடு லோடாக வடக்கே போய்க் கப்பலேறுகிறது என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். ஆகவே ஒத்தப்பனைப்பட்டிக்கும் உலகத்துக்கும் போக்குவரத்து ஏற்கெனவே இருந்தது. குடிதண்ணீர் மட்டும்தான் அந்தப் போக்குவரத்தில் சேரவில்லை.

பெண்கள் மூன்று மைல் நடந்து பக்கத்து ஊர் ஊருணிக்குப் போனார்கள். அந்த ஊர்க்காரிகள் தங்கள் குடங்களை நிரப்பி, தலை சீவி, ஊர்க்கதை பேசி முடித்து, "சரி, கலக்காம மோந்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லும்வரை கரையில் நிற்க வேண்டும். ஆவுடைத்தாய் நான்கு வருஷமாக நின்றாள். அவளுடைய மகள் முத்துலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது, பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று இவள் இரண்டு குடம் கூடுதலாகக் கேட்டாள். "ஏன், ஒங்க ஊர்ல ஊருணி இல்லையா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

அந்த வாரம்தான் மனு எழுதினார்கள். மனுவில் மூன்றே வரிகள். ஊருணியைத் தூர்வார வேண்டும். வரத்துக்காலை வெட்டிவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்ய வேண்டும். மனு ஒன்றரை வருஷம் பல மேசைகளுக்குப் போய், எந்த மேசையிலும் உட்கார இடம் கிடைக்காமல், கடைசியில் அருப்புக்கோட்டையில் இருந்த உலகக் கிராமப் பங்கேற்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் ஜீப் வந்தது.

"பங்குன்னா என்னடி, ஒங்க பங்குச் சாமியாரோட ஆளுகளா?" என்று ஆவுடைத்தாய் பக்கத்து வீட்டுத் தெரசாளிடம் கேட்டாள்.

"எங்க சாமியாரு புல்லட்டுல வருவாரு. ஜீப்பெல்லாம் அவருக்கு ஏது? இவுக வேற ஆளுக."

"அப்ப எதுல பங்கு?"

"நம்மகிட்ட இருக்கிறதுலதான் கேப்பாக. நம்மகிட்ட என்ன இருக்குன்னு பாத்துக்கிட்டு பதில் சொல்லு."

கூட்டம் களத்தில் நடந்தது. மழையில்லாததால் களத்துக்கு வேறு வேலை இல்லை. மையத்திலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். மக்களைவிடத் தாழ்வான இடத்தில்தான் அவர்கள் உட்கார வேண்டும் என்பது மையத்தின் முதல் விதி. ஊர்க்காரர்கள் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்திருந்ததால் பெரிய சிக்கலாகிவிட்டது. தரைக்குக் கீழே உட்கார முடியாது. கொஞ்ச நேரம் ஆலோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவந்து ஊர்க்காரர்களை அதில் உட்காரச் சொன்னார்கள். பெரிய மனிதர்கள் தரையில் இருக்கும்போது பெஞ்சில் உட்கார ஊர்க்காரர்களுக்குக் கூசியது. அவர்கள் எழுந்தார்கள். உடனே ஏழு பேரும் எழ வேண்டியதாயிற்று. இப்படி நாலைந்து முறை நடந்த பிறகு, களப்பணியாளர் மாதவன் கையெடுத்துக் கும்பிட்டு, "தயவுசெஞ்சு ஒசரத்துல உக்காருங்க. எங்களுக்கு எழுதணும்" என்றான். உட்கார்ந்தார்கள்.

மாதவன் மதுரைக்காரன். எம்.ஏ. படித்தவன். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"நாங்க ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்க வரல. ஒங்ககிட்ட கத்துக்க வந்திருக்கோம். ஒங்க ஊரை ஒங்க கையாலேயே வரைஞ்சு காட்டணும். அதுக்குப் பேரு வள வரைபடம்."

"ஊருதான் எதுக்கயே இருக்கே தம்பி. எந்திரிச்சு நாலு எட்டு நடந்தா பாத்துரலாமே" என்றார் தெரசாளின் புருஷன் தாவீதுராஜ். அவர் கொத்தனார்.

"நாங்க பாத்தா அது எங்க பார்வை. நீங்க வரைஞ்சாத்தான் அது ஒங்க பார்வை."

மதுரையிலிருந்து கலர்ப்பொடி மூட்டை மூட்டையாக வந்திருந்தது. கோலத்தில் கை தேர்ந்தவள் என்று எல்லோரும் ஆவுடைத்தாயைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவளுக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வெள்ளைப் பொடியில் தெருக்களை இழுத்தாள். அறுபது வீட்டையும் வைத்தாள். காளிக்கு ஒரு சூலம், மாதாவுக்கு ஒரு நட்சத்திரம். ஊருணி இருக்கும் இடத்தில் நீலப்பொடியைத் தூவினாள். தண்ணீருக்கு வேறு என்ன நிறம் போடுவது? பிறகு சுற்றிலும் கரையை இழுத்தாள். மேற்கே வரும்போது பொடி மூக்கில் ஏறித் தும்மினாள். அந்த இடத்தில் கொத்தாகக் கொஞ்சம் விழுந்துவிட்டது. அதைக் கண்டுகொள்ளாமல் இழுத்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து கோட்டைச் சேர்த்தாள்.

கோலத்தில் கோடு கூட வேண்டும். கூடாத கோட்டை அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் போடமாட்டாள். கோடு கூடாத வீடு கூடாது என்பார்கள். கை தானாகவே கூட்டிவிடும். ஆவுடைத்தாயின் கையும் அப்படித்தான் கூட்டியது.

மாதவனிடம் ஒரு படிவம் இருந்தது. "சுத்தி இது என்னக்கா?"

"கரை."

படிவத்தில் கரை இல்லை. வேலி, சுவர், ஏதுமில்லை என்ற மூன்றுதான் இருந்தன. கோடு தடிமனாக இருந்ததால் அவன் சுவர் என்பதற்கு நேரே குறியிட்டான்.

அப்போதுதான் ஆவுடைத்தாய்க்கு ஞாபகம் வந்தது. "ஐயய்யோ, தெக்க வரத்துக்கால் வாயி விடணுமே" என்று கோட்டைக் காலால் அழிக்கப் போனாள்.

ஏழு பேரும் ஒரே சமயத்தில் கையை உயர்த்தினார்கள்.

"அழிக்கக்கூடாது. மக்கள் வரைஞ்சத யாரும் திருத்தக்கூடாது."

"நாந்தானப்பா வரைஞ்சேன்?"

"ஆமாக்கா. நீங்கதான் மக்கள். அதனால நீங்களும் திருத்தக்கூடாது."

ஒருவர் ஜீப்பின் மேல் ஏறிப் புகைப்படம் எடுத்தார். ஜீப் போன பிறகு ஆடுகள் வந்து ஊரை மிதித்து அழித்தன.

ஆவணியில் கடிதம் வந்தது. தாவீதுராஜ்தான் சத்தமாகப் படித்தார். "தங்கள் ஊரின் ஊருணி முழுமையான சுற்றுச்சுவருடன் பாதுகாக்கப்பட்டிருப்பதும், அதில் நீலநிறத் தண்ணீர் விளிம்புவரை நிறைந்திருப்பதும் மக்களாலேயே உறுதிசெய்யப்பட்டுள்ளது. எனவே தூர்வாரும் தேவை எழவில்லை. தங்கள் தன்னிறைவுக்குப் பாராட்டுகள்."

 படித்து முடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"ஏ ஆவுட, நீலத்தக் கையள்ளிப் போட்டியே. ரெண்டு பிடி மண்ணப் போட்டிருந்தா என்ன?"

"அவளுக்குத் தன் கைவரிசையக் காட்டணும்ல."

"அரமணக் கோலம்னு நெனப்பு."

ஆவுடைத்தாயின் புருஷன் சண்முகவேல் மூட்டத்திலிருந்து உடம்பெல்லாம் கரியாக வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினார். அது மற்றவர்கள் பேசியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் ஆவுடைத்தாயும் தெரசாளும் தாவீதுராஜும் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். மையம் ஒரு நூல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. இயக்குநர் கிறிஸ்டோபர் சுழலும் நாற்காலியில் இருந்தார். தரையில் உட்கார வேண்டும் என்ற விதி கிராமத்துத் தரைக்கு மட்டும்தான். இங்கே மொசைக் போட்டிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில், ஆவுடைத்தாயின் கோலம் கதவளவுக்குப் பெரிதாகத் தொங்கியது.

"நீங்கதானா அந்த அம்மா?" என்று அவர் எழுந்து நின்றார். "ஒங்க கோடு ஜெனிவா வரைக்கும் போயிருச்சு தெரியுமா?"

"சார், அந்தக் கோடு தப்பு சார். அது கரை. செவரு இல்ல. உள்ள தண்ணியும் இல்ல. சேறுதான் கெடக்கு."

கிறிஸ்டோபர் உட்கார்ந்தார். ரொம்பப் பொறுமையான மனிதர்.

"அம்மா, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. மக்களோட அறிவுல தப்பு இருக்க முடியாது. எங்க மையமே அந்த நம்பிக்கையிலதான் நிக்குது. மக்களுக்குத் தப்பு வரும்னு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு இந்தக் கட்டடத்துக்கு வாடகை யாரு குடுப்பா? ஒங்கள நம்ப நான் தயாரா இருக்கேன். நீங்க ஏன் ஒங்கள நம்ப மாட்டேங்கிறீங்க?"

"நீங்க ஒருதடவ வந்து ஊருணியக் கண்ணால பாத்துருங்க சார்" என்றாள் தெரசாள்.

"பாத்தா மனசு சங்கடப்படும்மா. அப்புறம் நடுநிலையா வேலை செய்ய முடியாது." அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப என்ன பிரச்சினை? படத்துல ஒண்ணு இருக்கு, ஊர்ல ஒண்ணு இருக்கு. ரெண்டும் பொருந்தல. ரெண்டுல ஒண்ணத் திருத்தணும். படம் வெளிநாட்டுக்குப் போயிருச்சு. ஊரு இங்கதான இருக்கு."

மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊரைத் திருத்திருவோம்" என்றார் கிறிஸ்டோபர்.

புரட்டாசியில் செங்கல் லாரி வந்தது. ஊருணியைச் சுற்றிச் சுவர் எழுப்பும் பணி. தாவீதுராஜைத்தான் கொத்தனாராகப் போட்டார்கள். மக்கள் கையாலேயே கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. மாதவன் தினமும் படத்தை விரித்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"சார், வாசல் எங்கிட்டு விடணும்?"

"படத்துல வாசல் இல்லையே."

"வாசல் இல்லாம எப்படி சார் தண்ணி எடுப்பாக?"

"அத மக்கள்தான் முடிவு பண்ணியிருக்காங்க."

தெற்கே வரத்துக்கால் வாய்க்கு வந்தபோது தாவீதுராஜ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இதுலதான் தண்ணி உள்ள வரணும். இத அடச்சா ஊருணி எதுக்கு?" மாதவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, எனக்குத் தெரியாதா? எம்.ஏ. முடிச்சிட்டு நாலு வருஷம் சும்மா கெடந்தேன். படத்துல கோடு எங்கயும் விட்டுப்போகல. நான் என்ன செய்ய?" தாவீதுராஜ் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டார்.

மேற்கே இன்னொரு தகராறு. அங்கே மட்டும் சுவர் மும்மடங்கு அகலத்தில் ஒரு பொதி மாதிரித் துருத்திக்கொண்டு வர வேண்டும் என்றான் மாதவன்.

"எதுக்கு சார்?"

"படத்துல அப்படித்தான் இருக்கு."

"அது ஆவுடையக்கா தும்முனது சார்."

"தும்முனாங்கன்னு படத்துல இல்லையே."

தும்மலுக்கு மட்டும் ஒன்றரை நாள் வேலை. அறிக்கையில் அதை மக்களின் பாரம்பரியக் கொத்தளம் என்று எழுதினார்கள்.

சுவர் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி, சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் கூடியது. பெண்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு ஏறி உள்ளே குதித்தார்கள். குடிக்க ஆகாவிட்டாலும் புழங்குவதற்கென்று, சேற்றில் பறித்த ஊற்றில் கொட்டாங்கச்சியால் கோரிக் குடத்தில் ஊற்றி, வெளியே நிற்பவளிடம் தூக்கிக் கொடுத்தார்கள். ஒருத்தியாகப் போய்த் தண்ணீர் எடுக்க முடியாது. சண்டை போட்டவர்களும் சேர்ந்துதான் போக வேண்டியிருந்தது. ஊர் அதற்கு ஆவுடைத்தாய் சுவர் என்று பெயர் வைத்தது. "எங்க போறவ?" "ஆவுடச் செவருக்கு." அவள் காதுபடவே சொன்னார்கள்.

அந்த மாதக் கடைசியில், படம் போய்ச் சேர்ந்த குளிர்நாட்டிலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வந்தார். வெயிலில் முகம் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. நல்ல மாதிரி மனுஷி. வந்ததும் தரையில் உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் தாங்களாகவே பெஞ்சைத் தேடினார்கள். படத்தில் பெஞ்சு இல்லை என்று அன்று காலையிலேயே மையத்துக்காரர்கள் அதைச் சுவரோரத்திலிருந்து எடுத்து ஒளித்துவைத்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் நின்றார்கள். பெஞ்சு இல்லாமலே இரண்டு பெண்கள் மூச்சு வாங்கச் சுவருக்கு மேலாகக் குடம் மாற்றுவதைப் பார்த்து அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு ஆவுடைத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். கிறிஸ்டோபர் மொழிபெயர்த்தார். "இந்தச் சுவரால ஒங்க வாழ்க்கை எப்படி மாறியிருக்குன்னு அம்மா கேக்குறாங்க."

ஆவுடைத்தாய் இதற்காக நான்கு நாட்களாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். "அம்மா, இந்தச் செவருக்கு வாசல் இல்ல. ஐப்பசி மழைக்கு வார தண்ணி உள்ள போகாது. வருசம் பூராவும் எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. எம் மகளுக்குப் பிள்ள பெறந்தப்பக்கூட ரெண்டு குடம் இரந்துதான் வாங்குனேன். இந்தச் செவரு இப்படியே நின்னா நாங்க சாவோம். இடிச்சுவிடச் சொல்லுங்க."

கிறிஸ்டோபர் இதைவிட நீளமாக ஆங்கிலத்தில் சொன்னார். கேட்கக் கேட்க அம்மையாரின் கண்ணில் நீர் கோத்தது. அவர் ஆவுடைத்தாயைக் கட்டிப்பிடித்தார். ஆவுடைத்தாய்க்கும் கண் கலங்கியது. ஒரு மனுஷிக்காவது புரிந்துவிட்டதே.

ஜீப் கிளம்பும்போது தெரசாள் மாதவனை மறித்தாள். "ஏ தம்பி, ஒங்க சாரு என்ன சொன்னாரு? உண்மையச் சொல்லு."

மாதவன் தரையைப் பார்த்தான். "இந்தச் சுவர் இல்லைன்னா நாங்க செத்திருப்போம்னு அக்கா சொல்றதாச் சொன்னாரு."

ஐப்பசிக்கு இனி நாளில்லை. ஆண்கள் மூட்டத்தை விட்டுவிட்டு வந்து வரத்துக்கால் கருவேலைத் தாங்களே வெட்டிப் போட்டார்கள். சுவரை மட்டும் யாரும் தொடவில்லை. அதன்மேல் மையம் ஒரு பலகை வைத்திருந்தது. பலகையில் மூன்று நாட்டுக் கொடி இருந்தது. எந்தக் கொடிக்கு எந்தப் போலீஸ் வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஐப்பசி பத்தாம் தேதி காலையில் மழை பிடித்தது. நான்கு வருஷத்து மழையும் சேர்ந்து வந்த மாதிரி அடித்தது. மத்தியானத்துக்குள் வரத்துக்காலில் செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. தண்ணீர் வந்து சுவரில் மோதியது. கொஞ்சம் பின்வாங்கியது. பக்கவாட்டில் வழி தேடியது. பிறகு கரிசலில் இறங்கி, பந்தல்குடி ரோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

 எல்லோரும் திரும்பி ஆவுடைத்தாயைப் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரில் ஓங்கிக் குத்தினாள். பொறி பறந்ததே தவிர ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. மறுபடி குத்தினாள். தாவீதுராஜ் மழையில் நனைந்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

"அதுல இடிச்சா ஒடையாதுக்கா. நான் கட்டுனது."

"பெருமையடிக்கிற நேரமாடா இது?"

"அதில்லக்கா. ரெண்டு முழம் இங்கிட்டு வா." சுவரில் ஓரிடத்தை உள்ளங்கையால் தட்டினார். "இந்த எடத்துல சிமெண்டு வைக்கல. களிமண்ணுதான். மேல மட்டும் பூசி விட்டுருக்கேன். தண்ணி வார வழி எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது குத்தில் செங்கல் உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் கடப்பாரைக்கு வேலை இல்லை. தண்ணீரே மீதியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. ஆனாலும் பாதி மழை ரோட்டுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் வெறித்த வானத்தில் அதற்குப் பிறகு மேகம் கூடவே இல்லை. வண்டல் மேடான ஊருணியில் முழங்கால் அளவுக்குத்தான் நின்றது. மார்கழி வரைக்கும் தாங்கும் என்றார்கள். ஆவுடைச் சுவர் என்று சொல்வதை நிறுத்திவிட்டு ஆவுடை வாசல் என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு மாதம் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

மார்கழியில் மறுபடி ஜீப் வந்தது. இந்த முறை கிறிஸ்டோபரே வந்தார். கோபமாக இல்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை. வீட்டுக்கு ஒன்றாக வாழ்த்து அட்டை கொடுத்தார். அட்டையில் ஆவுடைத்தாயின் கோலம் வழவழவென்று அச்சாகியிருந்தது. நாற்பது நாடுகளுக்குப் புத்தாண்டு வாழ்த்தாக அதைத்தான் அனுப்பியிருக்கிறார்களாம். வீடு, தெரு, சூலம், நட்சத்திரம், நீல ஊருணி, தும்மல் எல்லாம் இருந்தன. கீழே ஊர்ப்பெயருக்குப் பதிலாக 'ஓர் இந்தியக் கிராமம்' என்று போட்டிருந்தது.

"நீங்க சுவரை உடைச்சிட்டீங்க" என்றார் கிறிஸ்டோபர், தரையில் உட்கார்ந்தபடி. "பரவாயில்ல. அதுவும் பங்கேற்புதான். ஆனா பழைய படம் செல்லாமப் போச்சு. ஊருக்குப் படம் இல்லைன்னா நாங்க ஊரைப் பாக்க முடியாது. நாங்க பாக்க முடியாத ஊரு இருக்குன்னு எப்படி எழுதறது? அதனால புதுசா வரைஞ்சு குடுங்க. அதுல என்ன இருக்கோ அதுப்படி செய்வோம். தூர்வாரவும் மெஷின் வரும்."

பொடி மூட்டைகளை அவிழ்த்தார்கள். ஊரே ஆவுடைத்தாயைச் சுற்றிக்கொண்டது.

"தெக்க வாயி விட்டுப் போடுக்கா."

"நீலத்தத் தொடாத. நீலம் போட்டா நெறஞ்சிருக்குன்னுருவாக."

"நீலம் போடலன்னா ஊருணியே இல்லன்னுருவாக, பேசாம இரு."

"வாயி விட்டா ஒடப்புன்னு எழுதுவானே. மறுபடி அடச்சிருவான்."

"தும்மித் தொலைக்காத, அது போதும்."

ஆவுடைத்தாய் வெள்ளைப் பொடியை ஒரு பிடி எடுத்தாள். குனிந்தாள். விரலிடுக்கில் பொடி நின்றது. எதைப் போட்டால் எதைக் கட்டுவார்கள்? சூலத்தைப் போட்டால் வேல் வைப்பார்களா? தெருவை வளைத்துவிட்டால் வீடுகளை நகர்த்துவார்களா? அவளுக்குக் கோலம் போடத் தெரியும். படம் போடத் தெரியாது. ஏழு பேரும் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் கையையே பார்த்தார்கள்.  கை நடுங்கினால் அந்த நடுக்கத்தையும் கட்டுவார்கள்.

அவள் நிமிர்ந்து பொடியை மூட்டையிலேயே போட்டாள். கையைத் தட்டிவிட்டாள்.

"நான் ஒண்ணும் போடல சார். மனு குடுத்து ரெண்டு வருசமாச்சு. அதுல எழுதுனது மூணு வரிதான். அத ஒரு தடவ படிச்சுப் பாருங்க. போதும்."

 கிறிஸ்டோபரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா மாதவன்? இதான் மக்கள். நாம எதிர்பார்க்காததச் செய்வாங்க. போட்டோ எடு."

"எத சார்?"

"அவங்க வரைஞ்சத."

"அக்கா ஒண்ணும் வரையலையே சார்."

"அதைத்தான் எடுக்கச் சொல்றேன்."

மாதவன் ஜீப்பின் மேல் ஏறினான். கீழே பெருக்கிவிட்ட வெறும் களம் இருந்தது. அவன் கேமராவைத் தூக்கிவிட்டு, ஒருமுறை இறக்கி ஆவுடைத்தாயைப் பார்த்தான். எதையாவது போடு என்பதுபோல உதட்டை அசைத்தான். கீழேயிருந்து கிறிஸ்டோபர், "யாரும் சொல்லிக்குடுக்கக் கூடாது மாதவன்" என்றார். மாதவன் படம் எடுத்தான்.

ஜீப் போன பிறகு ஊர் அவளை மெச்சியது. "நல்லாக் குடுத்த ஆவுட." சண்முகவேல்கூட, "சரியாத்தான் சொன்ன" என்றார். எல்லோரும் கலைகிற நேரத்தில் தாவீதுராஜ் மட்டும் களத்து ஓரத்தில் நின்று வாழ்த்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, அட்டைய முழுங்கிருவீக போல" என்றாள் தெரசாள்.

"இல்லடி. போன தடவ படத்துல செவரு இருந்துச்சு, ஊர்ல இல்ல. செவரக் கட்டச் சொன்னாக."

"ஆமா."

"இந்தத் தடவ படத்துல ஒண்ணுமே இல்ல. ஊர்ல அறுபது வீடு இருக்கு."

தெரசாள் திரும்பி வெறும் களத்தைப் பார்த்தாள்.

"ரெண்டுல எதத் திருத்துவாக?" என்றார் தாவீதுராஜ்.

ஆவுடைத்தாய் அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்தபோது தெருவில் எல்லா வாசலிலும் மார்கழிக் கோலம் விழுந்திருந்தது. ஆவுடைத்தாய் வாசலில் மட்டும் இல்லை. அவள் தன் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு களத்தில் இருந்தாள். ஒவ்வொரு வீடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விரற்கடை கோட்டைக் கூடாமல் விட்டாள். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். ஒவ்வொரு முறையும் கை தானாகக் கூட்டப்போனது. ஒவ்வொரு முறையும் இழுத்துப் பிடித்தாள். காளி கோயிலுக்கு வாசல் விட்டாள். கெபிக்கு விட்டாள். ஊருணிக்குத் தெற்கே இரண்டு விரற்கடை விட்டாள்.

சாணிச் சட்டியோடு வந்த தெரசாள் நின்றாள்.

"யாருக்குக்கா போடுற? போட்டோப் பிடிச்சவுக நேத்தே போயிட்டாக."

"தெரியும்."

"பின்ன?"

"ஒங்க வீடு போட்டாச்சு. எங்க வீடு அதுக்குக் கெழக்கதானடி?"

"கெழக்கதான்."

ஆவுடைத்தாய் டப்பாவுக்குள் கைவிட்டாள். கவிழ்த்தாள். அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"இரு அக்கா, எங்க வீட்டுல மாவு கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று தெரசாள் சட்டியை வைத்துவிட்டு ஓடினாள்.

பந்தல்குடி ரோட்டுப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. கரி லாரியா, ஜீப்பா என்று தெரியவில்லை. ஆவுடைத்தாய் கோலத்தில் தன் வீடு இருக்க வேண்டிய இடத்தில் போய், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டாள்.